பன்னிரண்டாவது அட்டை

ஹனோவர், 8 ஏப்ரல் 1991

அன்புள்ள ஆன்னெக்ரெட்டுக்கு,

நான், ஃபோல்க்மார் டெட்மான், வயது ஐம்பது, பயண நூல்கள் வெளியிடும் ஒரு பதிப்பகத்தின் சரிபார்ப்பு ஆசிரியர். இக்கடிதத்தை எழுதும் நோக்கம் ஒன்றே. நாம் பிறந்த மெக்லென்புர்க்-ஃபோர்போமெர்ன் மாநிலத்தைப் பயணிகளுக்கு அறிமுகம் செய்யும் நூலை எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு உன் உதவி வேண்டும். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உன் கணவர் எக்கெஹார்டுக்கு என் வணக்கம்.

நான் அந்த மண்ணை விட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான எல்லை திறந்த பிறகும் வேலை என்னை விடவில்லை. மாநிலமோ சென்ற அக்டோபரில்தான் மீண்டும் மாநிலமாகியிருக்கிறது. பழைய நூல்களில் உள்ள எதையும் நம்ப முடியாது. ஆகவே நம் ஊரான கிராசெனோவைச் சுற்றியுள்ள பகுதிக்கு, தகவல் நிரப்பும் பன்னிரண்டு அட்டைகளை இத்துடன் அனுப்புகிறேன். பதினொன்றில் இடங்களின் பெயர்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன்: தேவாலயம், படகுத்துறை, மீன் புகையூட்டும் கடை, கிளை ரயில் முதலியன. பன்னிரண்டாவது வெற்று அட்டை. ஏதேனும் ஒன்று பாழானால் பயன்படும்.

விதிகள் எளியவை. ஒவ்வோர் இடத்துக்கும் நீயே நேரில் செல்ல வேண்டும். பிறர் சொன்னதை எழுதக் கூடாது. கதவு திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்த பின்பே எழுத வேண்டும். இப்போது ஒரு முறையும் செப்டம்பரில் ஒரு முறையும் உறுதி செய்யப்படாத எதுவும் நூலில் இடம்பெறாது.

இன்னொன்று. சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு காரியத்தைத் தொடங்கிவைத்திருக்கிறேன். அது உன் நன்மைக்கானது. முடிவதற்கு முன் எதையும் பேசுவதில்லை என்பது என் வழக்கம் என்பதை நீ அறிவாய். ஆகவே இப்போது விவரிக்கவில்லை.

உன் உடல்நலத்தை மறவாமல் எழுது.

உன் அண்ணன்,
ஃபோல்க்மார்


கிராசெனோ, 21 ஏப்ரல் 1991

அன்புள்ள ஃபோல்க்மார்,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும் பேசும். உன் வயிறு எப்படி? இன்னும் காலையில் வெறும் ஓட்ஸ் கஞ்சிதானா?

சொந்தத் தங்கைக்கு முழுப்பெயரும் வயதும் உத்தியோகமும் எழுதி ஆரம்பிக்கிறவன் உலகத்தில் நீ ஒருவன்தான். எக்கெஹார்ட் சத்தமாகப் படித்துவிட்டுக் கேட்டான்: "பொறந்த சர்டிபிகேட் இணைக்கலையா உங்க அண்ணன்? மறந்துட்டாரோ?" நான் அடுப்பங்கரைத் துணியால் அவனை அடித்தேன். ஆனால் சிரித்துவிட்டேன்.

பதினொரு அட்டைகளையும் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். எல்லா இடத்துக்கும் சைக்கிளில் போனேன். எல்லாக் கதவையும் தட்டினேன், தேவாலயக் கதவு உட்பட. உள்ளே போதகர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். மீன் கடைக்காரர் பூர்மெய்ஸ்டரிடம் புத்தகத்தில் பெயர் வரும் என்றேன். "மேக்கத்தி ஆளுங்க விலாங்கைப் பாத்தா பாம்புன்னு ஓடுவாங்க, அதையும் சேத்து எழுதச் சொல்லும்மா" என்றார். அப்புறம் கடைக்குள் போய்க் கண்ணாடி முன் தொப்பியைச் சரி செய்துகொண்டு வந்தார், நான் படம் எடுக்கப் போகிறேன் என்று நினைத்து.

இங்கே எங்களுக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. அப்பாவின் வீட்டில் ஏழு அறைகள் சும்மா கிடக்கின்றன. தொழிற்சாலைக்காரர்கள் விடுமுறைக்கு வந்து தங்கிய காலம் போய்விட்டது. இனி ஹாம்புர்க், பெர்லின்காரர்கள் வருவார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். விடுதியாக்க வேண்டுமானால் மேலே குளியலறைகள், புதிய வெப்பக் கருவி, தீப்பிடித்தால் இறங்க இரண்டாவது படிக்கட்டு, இவை மூன்றும் வேண்டும். சிறு விடுதிகளுக்கு மாநிலம் உதவித்தொகை தருகிறது. மனு செப்டம்பர் முப்பதுக்குள் போய்ச் சேர வேண்டும், வங்கிக் கடன் உறுதியோடு. எக்கெஹார்ட் வேலை பார்க்கும் கூட்டுறவுப் பண்ணை இந்த மாதத்தோடு கலைக்கப்படுகிறது. அதனால் இது விளையாட்டில்லை. இந்த வீட்டை விட்டால் எங்களுக்கு வேறு வழி கிடையாது.

அந்தப் பன்னிரண்டாவது அட்டையில் நம் வீட்டை எழுதட்டுமா? கதவைத் தட்டிப் பார்க்கவே வேண்டாம், நானே திறப்பேன்.

அன்புடன்,
ஆன்னெக்ரெட்


ஹனோவர், 2 மே 1991

அன்புள்ள ஆன்னெக்ரெட்டுக்கு,

அட்டைகள் கிடைத்தன. ஒன்றில் மட்டும் தேதி விடுபட்டிருந்தது. அஞ்சல் முத்திரையைக் கொண்டு சரிசெய்தேன். வயிறு மருத்துவர் சொன்னபடி நடந்துகொள்கிறது. முழங்காலுக்கு ஒரு களிம்பு தனியே அனுப்பியிருக்கிறேன். இரவு மட்டும் தடவ வேண்டும், துணி சுற்றக் கூடாது.

உன் திட்டம் நல்ல திட்டம். எனினும் ஆசிரியரின் உறவினர் நடத்தும் எந்த விடுதியும் நூலில் இடம்பெறலாகாது என்பது எங்கள் ஒன்பதாவது விதி. அதை எழுதியவன் நானே. ஒரு தங்கைக்காக அதைத் தளர்த்தினால், நாளை ஒவ்வொருவருக்கும் ஒரு தங்கை முளைப்பாள். நீ புரிந்துகொள்வாய்.

அறிமுகத்தின் முதல் பத்தியை உன் பார்வைக்கு எழுதுகிறேன்: "ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளும், அவற்றின் கரையில் செங்கல் தேவாலயங்களும், வானுக்குப் போதிய இடம் விட்டு அமைந்த சிற்றூர்களும் கொண்ட இம்மாநிலத்தில் பயணி அவசரப்பட வேண்டியதில்லை. இங்கே மனிதர்கள் குறைவாகப் பேசுவார்கள். கதவுகளைத் திறந்து வைத்திருப்பார்கள்."

பிழை இருந்தால் தெரிவி.

உன் அண்ணன்,
ஃபோல்க்மார்


கிராசெனோ, 26 மே 1991

அன்புள்ள ஃபோல்க்மார்,

களிம்பு வந்தது. நாற்றம் தாங்காமல் பூனை வீட்டை விட்டுப் போய்விட்டது. முழங்காலுக்கு நல்லதுதான் போலிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

ஒன்பதாவது விதியை எக்கெஹார்டிடம் சொன்னேன். "பத்தாவது விதி என்னன்னு கேளு, அதுல நாம இருக்கமான்னு பாப்போம்" என்றான்.

உன் பத்தி அழகாக இருக்கிறது. ஒரு திருத்தம்: ஏரிகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, வேலைதான் ஒன்றுகூட இல்லை என்று சேர்க்கலாம். கோபிக்காதே. பண்ணையில் நூற்றுப்பத்துப் பேரில் ஆறு பேரை மட்டும் கணக்கு முடிக்க வைத்துக்கொண்டார்கள். எக்கெஹார்ட் அந்த ஆறில் இல்லை. முதல் வாரம் காலை நான்கரைக்கு எழுந்து உடுத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தான். இப்போது மேல்மாடியில் சுவரை இடித்து அளவெடுக்கிறான். விசில் அடித்துக்கொண்டே இடிக்கிறான், அதனால் எனக்கும் நம்பிக்கை வந்திருக்கிறது.

வங்கிக்குப் போனோம். புதிதாக மேற்கிலிருந்து வந்த இளைஞர். "இடம் பிரமாதம் மேடம், ஏரியைப் பாத்த மாதிரி! கடன் குடுக்க எனக்குத் தடையே இல்ல. ஒரே ஒரு தாள் வேணும், இந்த வீட்டு மேல வேற யாரும் உரிமை கேக்கலைன்னு மாவட்ட அலுவலகத்துலேர்ந்து ஒரு சான்று. அது இருந்தா மறுநாளே கையெழுத்து" என்றார். எக்கெஹார்ட், "வேற யார் கேக்கப் போறா? இந்தக் கூரைக்குக் கீழ ஒரு மழைக்காலம் இருந்து பாத்தவன் எவனும் கேக்க மாட்டான்" என்றான். எல்லாரும் சிரித்தோம். சான்றுக்கு மனு கொடுத்துவிட்டோம்.

அன்புடன்,
ஆன்னெக்ரெட்


கிராசெனோ, 3 ஜூலை 1991

ஃபோல்க்மார்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

சான்று கிடைக்காது. வீட்டின் மேல் ஒருவர் உரிமை கோரியிருக்கிறார், மேற்கிலிருந்து. சென்ற அக்டோபரில், உரிமை கோரும் கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பு. வீட்டில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார், ஆனால் பத்திரத்தில் வீடு ஒரே தாள். பாதி பூட்டினாலும் முழுதும் பூட்டியதுதான். அது தீர்க்கப்படும் வரை கடன் இல்லை, கடன் உறுதி இல்லாமல் உதவித்தொகை இல்லை. தீர்க்க எத்தனை காலம் ஆகும் என்று கேட்டேன். மாவட்ட அலுவலகத்தில் திருமதி பாகெல் கையை விரித்து அறையைக் காட்டினார். தரையிலிருந்து சன்னல் வரை கோப்புக் கட்டுகள்.

"யாருன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "நான் காப்பி எடுக்கப் போறேன். அஞ்சு நிமிஷம் ஆகும். கட்டு மேசை மேலதான் கெடக்கும், அதை நான் என்ன பண்ண முடியும்?" என்று எழுந்து போனார்.

பார்த்தேன். படிவம் மிக நேர்த்தியாக நிரப்பப்பட்டிருந்தது. ஓர் அடித்தல் கிடையாது. எல்லாக் கட்டத்திலும் எழுத்து கோட்டைத் தொடாமல் நின்றது.

திருமதி பாகெல் திரும்பி வந்தபோது எனக்கும் ஒரு கோப்பை காப்பி கொண்டுவந்தார். "தெரிஞ்ச ஆளா?" என்று கேட்டார். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஏப்ரலில் எழுதினாயே, எனக்காக ஏதோ ஒரு காரியம் தொடங்கியிருப்பதாக. அதை இப்போது சொல்லலாமா, ஃபோல்க்மார்? முடியாவிட்டாலும் பரவாயில்லை. நீயாகச் சொன்னால் போதும்.

ஆன்னெக்ரெட்


ஹனோவர், 15 ஜூலை 1991

அன்புள்ள ஆன்னெக்ரெட்டுக்கு,

உன் கடிதம் என்னை நிலைகுலையச் செய்தது. உடல்நலம் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை என்பதிலிருந்தே உன் மனநிலையை அறிகிறேன்.

உரிமை கோரியவர் யாரென்று நீ எழுதாவிட்டாலும் ஊகிக்கக் கடினமில்லை. அப்பா 1953இல் அந்த வீட்டை அரசிடமிருந்து வாங்கினார். அதற்கு முன் அது மேற்கே ஓடிப்போன மருந்துக்கடைக்காரருடையது. அவருடைய வாரிசுகள் இப்போது எட்டிப் பார்க்கிறார்கள். இத்தகையோரை நான் இங்கே நாள்தோறும் காண்கிறேன். ஒரு கோடைகாலம்கூட அங்கே கழித்திராதவர்கள், ஒரு படிவத்தையும் ஒரு பேனாவையும் கொண்டு மனிதர்களின் தலைக்கு மேலிருக்கும் கூரையை உரித்தெடுக்கிறார்கள்.

சட்டத்தின் வழி நீண்டது. ஆனால் மனசாட்சியின் வழி ஒன்று உண்டு. உனக்காக நான் ஒரு கடிதம் வரைந்திருக்கிறேன். உன் கையெழுத்தில் படியெடுத்து அந்த ஆளுக்கு அனுப்பு:

"மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் உரிமை கோரியுள்ள வீட்டில் மனிதர்கள் வாழ்கிறார்கள். அதன் கூரையை மூன்று முறை மாற்றியவர்கள் அவர்கள், தாங்கள் அல்லர். படிவத்தை நிரப்புவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்காமல் கோரிய உரிமை சட்டத்தில் நிற்கலாம், மனிதரிடையே நிற்காது. வெட்கம் என்பது தங்களிடம் மிஞ்சியிருக்குமானால், கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நேரில் வந்து, அந்தக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேளுங்கள்."

நான் தொடங்கியுள்ள காரியம் பற்றிக் கேட்டிருந்தாய். அது இன்னும் முடியவில்லை, ஆகவே சொல்வதற்கில்லை. அது இதனோடு தொடர்புடையதன்று. அமைதியாக இரு.

செப்டம்பருக்கான இரண்டாம் தொகுதி அட்டைகளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
ஃபோல்க்மார்


கிராசெனோ, 29 ஆகஸ்ட் 1991

அன்புள்ள ஃபோல்க்மார்,

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. முழங்கால் பரவாயில்லை. உன் வயிறு சரியாக இருக்கட்டும்.

நீ வரைந்து அனுப்பிய கடிதம் மிக நன்றாக இருக்கிறது. நான் அவ்வளவு நன்றாக எழுதியிருக்க முடியாது. படியெடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. அந்த மனிதருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது.

எக்கெஹார்டுக்கு அப்படித் தோன்றவில்லை. மேல்மாடியில் இடித்த சுவர் இடித்தபடி இருக்கிறது. விசில் சத்தம் நின்றுவிட்டது. போன வாரம் ஹாம்புர்க்கிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்து வாசலில் நின்றார்கள். "அறை கெடைக்குமா? ரெண்டே ராத்திரிதான்" என்று அந்த அம்மாள் கேட்டாள். அனுமதி இல்லை என்றேன். "இவ்ளோ பெரிய வீடு சும்மாவா கெடக்கு?" என்றாள். எக்கெஹார்ட் உள்ளேயிருந்து கத்தினான்: "சும்மா இல்லம்மா, வாரிசுக்கு வெயிட்டிங்!" அவர்கள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் அன்று முழுதும் ஏழு அறைகளிலும் படுக்கை விரித்து, மறுபடி மடித்து வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

மனுவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நீ ஒரு நாள் வந்துபோக முடியாதா? பிளம் பழம் வைத்த விலா இறைச்சி செய்கிறேன், உனக்குப் பிடித்தது. வர முடியாவிட்டால், முப்பதாம் தேதிக்குள் என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. ஒரு வரி போதும்.

ஆன்னெக்ரெட்


ஹனோவர், 18 அக்டோபர் 1991

அன்புள்ள ஆன்னெக்ரெட்டுக்கு,

உன் ஆகஸ்ட் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்கு வருந்துகிறேன். நூலின் இறுதி வேலை என்னை முழுவதுமாக எடுத்துக்கொண்டது. நேரில் வருவதற்கும் அதுவே தடை. உதவித்தொகை அடுத்த ஆண்டும் வழங்கப்படும் என்றே கருதுகிறேன்; மனம் தளர வேண்டாம். எக்கெஹார்டின் வேலை முயற்சிகள் எந்நிலையில் உள்ளன?

செப்டம்பர் அட்டைகளில் ஒன்றுகூட வந்து சேரவில்லை. இது உன் இயல்பன்று. இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பினேன். விதிப்படி கிராசெனோப் பகுதியை முழுவதுமாக நீக்கியிருக்க வேண்டும். ஆனால் பக்கங்கள் அச்சுக்குக் கட்டப்பட்டுவிட்டன. நான்கு பக்கங்களை வெறுமையாக விட முடியாது என்று பதிப்பகத்தார் கூறினர். நீ மறுப்பு எதுவும் தெரிவிக்காததால், ஏப்ரல் நிலையே தொடர்கிறது என்று கொண்டு, பதினொன்றையும் "உறுதி செய்யப்பட்டது" எனக் குறித்தேன். இங்கே பதினான்கு ஆண்டுப் பணியில் இப்படிச் செய்தது இதுவே முதல் முறை. இது என்னை உறுத்துகிறது.

நூல் நவம்பரில் வெளிவரும். முதல் பிரதி உனக்கு.

உன் அண்ணன்,
ஃபோல்க்மார்


நாய்பிராண்டன்புர்க், 23 நவம்பர் 1991

ஃபோல்க்மார்,

உன் புத்தகம் கிராசெனோவுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தது. அதனால் தாமதம். அட்டைப் படத்தில் உள்ள ஏரி நன்றாக இருக்கிறது.

ஆகஸ்டில் படியெடுத்து வைத்த கடிதத்தை இப்போது அனுப்புகிறேன். இத்துடன் இருக்கிறது. மேலே முகவரி மட்டும்தான் நான் சேர்த்தது: "திரு. ஃபோல்க்மார் டெட்மான், ஹனோவர்." மற்றதெல்லாம் உன் வாசகம். ஒரு சொல்லையும் மாற்றவில்லை, சரிபார்த்துக்கொள்.

திருமதி பாகெலின் மேசையில் உன் எழுத்தைத்தான் பார்த்தேன். ஏழுக்கு நடுவில் நீ போடும் அந்தக் குறுக்குக்கோடு. அப்பா நமக்கு ஆளுக்குப் பாதியாக விட்டுப்போன வீட்டில், நீ ஓடிப்போனதும் அரசு எடுத்துக்கொண்ட உன் பாதியைத் திரும்பக் கேட்டிருந்தாய். எனக்குக் கொடுப்பதற்காகத்தான் கேட்டிருப்பாய். அது எனக்கு அன்றே தெரியும். அந்த மேசை முன் நின்றபோதே தெரியும். அதனால்தான் கோபம் வரவில்லை. நீ சொல்வாய் என்று காத்திருந்தேன்.

எக்கெஹார்டால் காத்திருக்க முடியவில்லை. "ஒரு கடுதாசி போடு. உன் கோரிக்கையாலதான் நாங்க சாகறோம்னு எழுது. ஒரு கையெழுத்துல தீந்துபோற விஷயம்டி இது" என்றான், ஜூலை முழுவதும், ஆகஸ்ட் முழுவதும். அவன் சொன்னது சரி. நான் எழுதவில்லை. செப்டம்பர் முப்பது போன மறுநாள் பெட்டியை எடுத்தான். மேற்கே ஓல்டன்புர்க் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. வாசலில் நின்று சொன்னான்: "நீ அவருக்காகக் காத்துக்கிட்டு இருந்தே. நான் உனக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்." முதலில் சனிக்கிழமைதோறும் வந்தான். அப்புறம் ஒரு சனி விட்டு ஒரு சனி. இப்போது வருவதில்லை.

ஏன் எழுதவில்லை என்று நீயும் கேட்பாய். சொல்கிறேன். 1976இல் புடாபெஸ்ட் போகிறேன், மிளகாய்ப் பொடி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். பத்து நாள் கழித்து என்னை ஓர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்தான் நீ மேற்கே ஓடிவிட்டாய், திரும்ப மாட்டாய் என்று சொன்னார். எனக்குத் தெரியாது என்றேன். அவர்கள் நம்பவில்லை. நான் பாடம் நடத்திய பள்ளியில் சமையலறைக்குப் போட்டார்கள். பதிமூன்று வருஷம் உருளைக்கிழங்கு உரித்தேன். "இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறேன்" என்று உனக்கு எழுதுவேன். அது பொய் இல்லை. நீயும் மேலே எதுவும் கேட்கவில்லை.

இரண்டு முறையும் உன்னைப் பற்றி ஓர் அதிகாரியின் மேசையில்தான் தெரிந்துகொண்டேன். இந்த ஒரு முறையாவது உன் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது. அதற்காக வீட்டைக் கொடுத்துவிட்டேன் என்று எக்கெஹார்ட் சொல்கிறான். அதுவும் சரிதான்.

வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். இங்கே ஐந்தாவது மாடியில் இரண்டு அறைகள். ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. உருளைக்கிழங்கு எனக்குப் பழக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆன்னெக்ரெட்


ஹனோவர், 30 நவம்பர் 1991

ஆன்னெக்ரெட்,

உன் கடிதம் வந்த அன்றே மாவட்ட அலுவலகத்துக்குக் கோரிக்கையைத் திரும்பப் பெறும் மனுவை அனுப்பிவிட்டேன். அதன் படியை இத்துடன் வைக்கிறேன். திருமதி பாகெலுடன் தொலைபேசியில் பேசினேன். "கோரிக்கை வைக்க ஒரு தாள் போதும் சார், எடுக்க ஏழு தாள் வேணும். வசந்த காலத்துக்குள்ள முடிஞ்சா உங்க அதிர்ஷ்டம்" என்றார். பிறகு, "நீங்கதானா அது?" என்று கேட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

1976இல் உன்னிடம் சொல்லியிருந்தால் நீ உடந்தையாகியிருப்பாய்; சிறை உனக்கும் வந்திருக்கும். இம்முறை சொல்லியிருந்தால், நிறைவேறாமல் போகக்கூடிய ஒன்றை வாக்களித்தவனாவேன். இரண்டுக்கும் காரணங்கள் இருந்தன. நேற்று இரண்டையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். காரணங்கள் சரியாகவே இருக்கின்றன. அந்தத் தாளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலையில் நீ எழுதிய "பாதி" என்ற சொல்லைப் படித்தும், உன் நன்மைக்காக நான் நிரப்பிய படிவமே பூட்டாகும் என்று எண்ண மறுத்து, மருந்துக்கடைக்காரரின் வாரிசுகளைக் குற்றவாளிகளாக்கினேன். பள்ளிச் சமையலறை பற்றி எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எக்கெஹார்டின் முகவரியை அனுப்பினால் அவருக்கு எழுதுவேன். ஏதேனும் எழுது. உன் முழங்கால் ஐந்து மாடிகளை எப்படி ஏறுகிறது என்றாவது எழுது.

ஃபோல்க்மார்


[அட்டை. அஞ்சல் முத்திரை: 20 ஜனவரி 1992]

இடம்: டெட்மான் வீடு, ஏரிக்கரை, கிராசெனோ.
நேரில் சென்ற தேதி: 18 ஜனவரி.
நிலை: மூடப்பட்டது.
திறப்பு நேரம்: இல்லை.
செல்லும் வழி: கிளை ரயில் செப்டம்பரோடு நின்றுவிட்டது. சந்திப்பு நிலையத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் நடை.
குறிப்பு: வெப்பமூட்ட ஆளில்லாததால் டிசம்பரில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. மேல்மாடியிலிருந்து படிக்கட்டு வழியாகக் கூடம் வரை பனிக்கட்டி. தரைப்பலகைகள் எழும்பிவிட்டன. பூர்மெய்ஸ்டர் மீன் கடை, படகுத்துறை, பால்கடை ஆகியவையும் மூடல்.
கதவு தட்டப்பட்டதா: ஆம்.
உறுதி செய்தவர்: ஆ. டெட்மான்.


ஹனோவர், 27 ஜனவரி 1992

அன்புள்ள ஆன்னெக்ரெட்டுக்கு,

பன்னிரண்டாவது அட்டை கிடைத்தது. தேதி, கையொப்பம், எல்லாம் முறைப்படி இருக்கின்றன. எக்கெஹார்டின் குடும்பப்பெயரை விட்டு அப்பாவின் பெயரில் கையொப்பமிட்டிருக்கிறாய் என்பதையும் கவனித்தேன். உன் உடல்நலம் பற்றி அட்டையில் கட்டம் இல்லை. அந்தப் படிவத்தை வடிவமைத்தவன் நான்.

நூல் நன்றாக விற்கிறது. கிராசெனோவுக்குச் சென்ற ஒரு வாசகர் பதிப்பகத்துக்கு எழுதியிருக்கிறார்: இல்லாத ரயிலுக்காக நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தாராம், நூலில் சொன்ன திறந்த கதவு எதையும் அவர் காணவில்லையாம். நான் அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். முன்பின் அறியாத ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்குக் கால்மணி நேரமே பிடித்தது.

அதே நாளில் இரண்டாம் பதிப்புக்கான அறிமுகத்திலிருந்து என் பெயரை அடித்துவிட்டேன். நேரில் சென்று காணாதவன் அறிமுகம் செய்ய உரிமையற்றவன். அது முதல் விதி. பதிப்பகத்தார் வேறு ஆளைத் தேடுகிறார்கள்.

உன் புதிய வாசலுக்கு நான் வரமாட்டேன். நீ அழைக்கவில்லை, உன்னைக் கேட்காமல் இனி எதையும் செய்வதற்கில்லை. ஆனால் ஒன்றைச் செய்யப் போகிறேன். இம்முறை அதை முன்கூட்டியே, முடிவதற்கு முன்பே, உன்னிடம் சொல்கிறேன். நாளைக் காலை ஆறு பதினான்கு வண்டியில் புறப்படுகிறேன். ஹாம்புர்க்கிலும் ஷ்வெரினிலும் மாறி, சந்திப்பு நிலையத்தில் இறங்கி, ஒன்பது கிலோமீட்டர் நடப்பேன். நான் வரைந்த, நீ படியெடுத்த கடிதம் என் சட்டைப் பையில் இருக்கும். அதில் சொல்லியபடி அந்தக் கதவைத் தட்டுவேன். உள்ளே யாரும் இல்லை என்பதை நீ உறுதி செய்திருக்கிறாய். இருந்தும் தட்டுவேன்.

ஃபோல்க்மார்